பழஞ்சோறு தின்றால் பிறசர் குறையுமா? குடல் பற்றீரியாக் கதையின் உண்மையும் மிகையும்

கேள்வி: மல்லாவித் தம்பி, தை 18

அம்மாக்கு பிறசர் 160/95. கிளினிக்கில அம்லோடிபின் குடுத்தவை. இப்ப ஒரு வீடியோவில சொல்லுறாங்கள், விடியக்காலமை பழஞ்சோறு தின்னா குடலில நல்ல பற்றீரியா பெருகி பிறசர் தானா இறங்குமாம், குளிசை தேவையில்லையாம். அம்மா குளிசையை நிப்பாட்டிப்போட்டு பழஞ்சோறு தின்னுறா. கேட்டா "இது வெள்ளைக்காரனே கண்டுபிடிச்சது" எண்டுறா. உண்மையோ பொய்யோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

தை 18, இரவு

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. நாளைக்கு விடியவே அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பிறசரைப் பாருங்கோ. குளிசை நிப்பாட்டினதை ஒளிக்காமல் சொல்லுங்கோ. கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். பிறசர் ஏறுவதை உடம்பு சொல்லாது. தலையிடி, தலைச்சுற்று ஒன்றும் இல்லாமலே பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்களை எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறேன்.

தை 19

நான் முள்ளியவளைப் பக்கம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், டொக்டர் இல்லை. ஆனால் அம்மா லொசார்ட்டான் என்ற பிறசர்க் குளிசை எடுக்கிறார், அண்ணை சிறுநீரக நோயாளி. அதனால் இந்த விசயத்தை வீட்டுத் தேவைக்காகவே தேடித் தேடிப் படித்தவன்.

வீடியோக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் ஆபத்து. முழுப் பொய்யை அம்மாமாரே பிடித்துவிடுவார்கள்.

உண்மைப் பாதி இது. நாம் தின்னும் நார்ப்பொருளையும் ஒருவகை மாப்பொருளையும் எங்கள் நொதியங்களால் உடைக்க முடியாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே இருக்கும் பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கவைத்து மூன்று சிறிய அமிலங்களை விடுகின்றன: அசற்றேற்று, புரொப்பியோனேற்று, பியூட்டிரேற்று. பியூட்டிரேற்றைப் பெருங்குடற் சுவரின் கலங்களே எரித்துச் சத்தாக்கிக்கொள்ளும். மற்ற இரண்டிலும், அசற்றேற்றில் கூடுதலாக, ஒரு பங்கு குருதிக்குள் வருகிறது. குருதிக்குள் வந்தது குழாய்களையும் சிறுநீரகத்தையும் தொடுகிறது.

2017இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிறசர் ஏற்றப்பட்ட எலிகளுக்கு நார்ப்பொருள் கூடிய தீன் கொடுத்தார்கள். வேறு எலிகளுக்கு அசற்றேற்றை மட்டும் கொடுத்தார்கள். இரண்டிலும் பிறசர் குறைந்தது, இதயத் தசை தடிப்பதும் குறைந்தது. நாரைக் கொடுத்தாலும் நாரிலிருந்து வருவதைக் கொடுத்தாலும் பலன் ஒரே பக்கம் போகிறது என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

தை 19, பின்னேரம்

"அமிலம் குழாயைத் தொட்டால் குழாய்க்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறா. அருமையான கேள்வி, என்ரை வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

கலங்களின் மேற்பரப்பில் இவற்றுக்கென்றே ஏற்பிகள், அதாவது இவை வந்து தட்டும் கதவுகள், உண்டு. 2013இல் ஜெனிபர் புளூஸ்னிக் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளரும் கூட்டாளிகளும் வெளியிட்ட வேலை பெரிய திறப்பு. மணம் பிடிப்பதற்கு மூக்கில் இருக்கும் வகையைச் சேர்ந்த ஏற்பி ஒன்று எலியின் சிறுநீரகத்திலும் குருதிக்குழாயிலும் இருக்கிறது. பெயர் ஓஎல்எஃப்ஆர்78. புரொப்பியோனேற்று வந்து அதைத் தட்டினால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடும், அதால் பிறசர் ஏறும். ஜிபிஆர்41 என்ற இன்னொரு ஏற்பியைத் தட்டினால் குழாய் தளரும், பிறசர் இறங்கும்.

கவனியுங்கள்: ஒரே அமிலம், ஒரு கதவைத் தட்டினால் ஏற்றம், மற்றக் கதவைத் தட்டினால் இறக்கம். சாதாரண எலியில் கூட்டிக் கழித்தால் இறக்கம்தான் வெல்கிறது. "நல்ல பற்றீரியா வந்தால் பிறசர் இறங்கும்" என்ற ஒற்றை வரிக்குள் இது அடங்காது.

தை 22

"எலிக்கதை காணும், மனிசருக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயம்.

மனிதரில் நான் மதிக்கும் சோதனை 2023இல் வெளிவந்தது, அதுவும் அவுஸ்திரேலியாவில்தான். மருந்து எடுக்காத, பிறசர் உள்ள 20 பேர். சோள மாப்பொருளில் அசற்றேற்றையும் பியூட்டிரேற்றையும் பிணைத்து, பெருங்குடலுக்குப் போன பிறகுதான் அவை பிரியும்படி செய்திருந்தார்கள். அதைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 40 கிராம், மூன்று கிழமை. இடைவெளி விட்டு இன்னொரு தடவை அவர்களுக்கே சாதாரண மா. 24 மணிநேரமும் கருவி பூட்டி அளந்ததில் மேல் பிறசர் (160/95 என்றால் அந்த 160) 6.1 குறைந்தது. ஒரு பிறசர்க் குளிசை வழமையான அளவில் சராசரியாக ஏறக்குறைய 9 குறைக்கும். அந்தக் கணக்கில் 6.1 சின்ன விசயம் இல்லை. ஆனால் 20 பேர், மூன்று கிழமை. அதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இப்போது பழஞ்சோற்றுக்கு வருவோம். சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி இறுகி, சமிக்காத மாவாக மாறுகிறது. அது உண்மை. எவ்வளவு? இந்தோனேசியாவில் 2015இல் வெள்ளைச் சோற்றை அளந்திருக்கிறார்கள். சுடச்சுட 100 கிராமில் 0.64 கிராம். அறைவெப்பத்தில் பத்து மணிநேரம் வைத்தால் 1.30. குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் வைத்துச் சூடாக்கினால் 1.65. ஒரு கோப்பையில் 300 கிராம் பழஞ்சோறு தின்றாலும் நாலு கிராம் வருமோ என்னவோ. அங்கே கொடுத்தது 40 கிராம், அதுவும் அமிலம் பிணைத்த விசேட மா. அந்த 6.1ஐ எங்கள் மண்பானைக்குள் தேடுவது சரிவராது.

தை 23

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு "எங்கடை சாப்பாட்டை மட்டம் தட்டுறீங்கள்" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். ஐயா, நான் பழஞ்சோற்றில் வளர்ந்தவன். இரவு மிஞ்சிய குத்தரிசிச் சோற்றுக்குத் தண்ணி விட்டு மூடிவைத்து, விடிய அம்மா சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டுத் தயிர் விட்டுக் குழைத்துக் கையில் உருட்டித் தருவார். வயலுக்குப் போகிறவருக்கு அதைவிட நல்ல காலைச் சாப்பாடு எனக்குத் தெரியாது. ஒரு இரவில் இலற்றிக்கமிலப் பற்றீரியாவும் அதில் வளர்ந்திருக்கும்.

எனக்குக் கவலை உப்பு. அம்மா சோற்றைப் பிசைந்த ஈரக்கையாலேயே சிரட்டைக்குள் இருக்கும் உப்பை அள்ளுவார். விரலில் ஒட்டினதும் சேர்ந்துதான் கோப்பைக்குள் விழும். ஒருநாள் அந்தக் கையை மறித்து, உப்பைச் சமையல் தராசில் போட்டுப் பார்த்தேன். 3 கிராமுக்குக் கிட்ட. பக்கத்தில் பொரித்த கருவாடும் மோர்மிளகாயும். உப்புக் கருவாட்டில் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு முழு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைய. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு காலைச் சாப்பாட்டோடேயே முடிந்துபோகிறது.

உப்புக்கும் பற்றீரியாவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய. 2017இல் ஜேர்மனியில் நடந்த ஆய்வு. எலிக்கு உப்புக் கூட்டியபோது குடலில் இலற்றோபசிலசு என்ற இலற்றிக்கமிலப் பற்றீரியா இனம் மங்கியது. அது செய்யும் இன்டோல் வகைப் பொருட்கள் குறைந்தன. அழற்சியைத் தூண்டும் ஒருவகை வெண்குருதிக்கலங்கள் கூடின, பிறசரும் ஏறியது. அந்தப் பற்றீரியாவைத் திரும்பக் கொடுத்தபோது ஏற்றம் தணிந்தது. பிறகு 12 சுகதேகி ஆண்களுக்கு வழமையான சாப்பாட்டோடு நாளொன்றுக்கு 6 கிராம் உப்பை மேலதிகமாக 14 நாள் கொடுத்தார்கள். அவர்களிலும் இலற்றோபசிலசு குறைந்தது, பிறசர் கூடியது.

அதாவது பழஞ்சோற்றில் எந்தப் பற்றீரியாவை நம்பித் தின்கிறோமோ, அதன் இனத்தையே அதே கோப்பையில் போடும் உப்பு அடிக்கிறது. தம்பியின் அம்மாவுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தை 26

"உப்பில்லாமல் பழஞ்சோறு ஆர் தின்னுறது?" இதையே பலவிதமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. தேசிக்காய்ப்புளியைக் கூட்டினோம். வெங்காயத்தை இரட்டித்தோம். உப்பைச் சிரட்டையிலிருந்து எடுத்துவிட்டுச் சின்னக் கரண்டி போட்ட போத்தலுக்கு மாற்றினோம், ஈரக்கை போகாது. அம்மா முதலில் முகத்தைச் சுழித்தார். ஒரு மாதத்துக்குள் அயல்வீட்டுக் கறி அவருக்கே கரிக்கத் தொடங்கிவிட்டது. கருவாட்டை ஊறப்போட்டுத் தண்ணியை ஊற்றிவிட்டுக் கறியாக்கினால் உப்பு ஓரளவு இறங்கும், பொரித்தால் அப்படியே இருக்கும். ஆனையிறவு உப்பென்றாலும் கடையில் வாங்கும் பைக்கற் உப்பென்றாலும் பிறசருக்கு ஒன்றுதான். கல்லுப்புக்கு விலக்கு இல்லை.

மாசி 2

"நல்ல பற்றீரியா" என்ற சொல்லை நானும் பேச்சுவாக்கில் பாவிக்கிறேன், ஆனால் எனக்கு அதில் நிம்மதி இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

2017இல் சீனாவில், பிறசர் உள்ளவர்களின் மலத்திலிருந்த பற்றீரியாக்களைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றினார்கள். எலிகளுக்குப் பிறசர் ஏறியது. இதைக் கேட்டால் எல்லாம் தெளிவு போலத் தோன்றும். ஆனால் 2015இல் அமெரிக்காவில் உப்புக்குப் பிறசர் ஏறும் எலிகளுக்கு, ஏறாத எலிகளின் குடற்பொருளைக் கொடுத்தார்கள். இறங்கும் என்றுதானே நினைப்போம்? இன்னும் ஏறியது. ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு அப்படியே நல்லதாகாது.

மனிதருக்கும் செய்து பார்த்தார்கள். சீனாவில் பிறசர் உள்ள 124 பேருக்கு மலப் பற்றீரியாவைக் கப்சூல் குளிசையாகக் கொடுத்தபோது ஒரு கிழமையில் சிறிது இறக்கம் தெரிந்தது, ஒரு மாதத்தில் வித்தியாசம் இல்லாமற் போய்விட்டது. எனக்கு இது புதினமாகப் படவில்லை. புதுப் பற்றீரியாவை விழுங்கிவிட்டுப் பழைய சாப்பாட்டையே தின்றால் அது எதைத் தின்று நிலைக்கும்?

தயிர், புரோபயோட்டிக் (உயிருள்ள பற்றீரியா சேர்த்த) வகைகளைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: 2014இல் ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 543 பேர். மேல் பிறசர் சராசரியாக 3.56, கீழ் 2.38 குறைந்தது. எருமைத் தயிர் தின்னுங்கோ, சீனி போடாமல். கடையில் விலைகூடிய புரோபயோட்டிக் போத்தல் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்தக் காசுக்கு ஒரு மாதத்துப் பயறு வரும்.

மாசி 5

மீன் கேள்வி வரும் என்று தெரியும். முல்லைத்தீவுக் கரையில் இருந்துகொண்டு மீனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

இறைச்சி, முட்டையில் உள்ள கோலின், கார்னிற்றின் ஆகியவற்றைக் குடற் பற்றீரியா ரிஎம்ஏ என்ற வாயுவாக மாற்றும். ஈரல் அதை ரிஎம்ஏஓ என்ற இன்னொரு பொருளாக்கும். 2011இல் கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் இதை இதயநோயோடு தொடர்புபடுத்தினார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் எலியில், பிறசரை ஏற்றும் அஞ்சியோற்றென்சின் என்ற ஓமோனின் வேலையை இது நீடிக்கச் செய்வதையும் கண்டார்கள். தனியே கொடுத்தால் பிறசர் ஏறவில்லை, ஓமோனோடு சேரும்போதுதான்.

இப்போது சிக்கல். கடல்மீனின் தசையில் ரிஎம்ஏஓ இயல்பாகவே நிறைய உண்டு. மீன் பழுதாகும்போது எழும் நாற்றமே அது ரிஎம்ஏயாக உடைவதால்தான். விரால் போன்ற குளத்து மீன்களில் பொதுவாகக் குறைவு. ரிஎம்ஏஓ ஒன்றே குற்றவாளி என்றால் கரைக்குப் போய் மீன் வாங்கித் தின்னும் நாங்கள் எல்லாரும் விழுந்திருக்க வேண்டும், முத்தையன்கட்டுக் குளத்து மீன் தின்கிறவர்கள் தப்பியிருக்க வேண்டும். மீன் தின்பவர்களுக்கு இதயநோய் கூடவில்லை என்றுதான் பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பச்சைமீன் தாராளமாகத் தின்னலாம். கருவாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

மாசி 9

இந்தக் குறிப்பைத்தான் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனிக்கப்பட்ட, காரணம் தெரியாத நோய் என்று சொல்லும் அதே வகை. கூடுதலாக வயல் செய்கிறவர்களைப் பிடிக்கிறது. ஆரம்பத்தில் பிறசர் பெரிதாக ஏறாது, அதனாலேயே பிந்தித்தான் பிடிபடும். அண்ணைக்கும் அப்படித்தான். கால் வீங்கின பிறகுதான் போனார்.

குடற் பற்றீரியாக்கள் நல்லதை மட்டும் செய்வதில்லை. புரதத்திலுள்ள திரிப்றோபனை உடைத்து இன்டோல் ஆக்கும். ஈரல் அதை இன்டொட்சில் சல்பேற்றாக மாற்றும். தைரோசின் என்ற வேறொரு புரதக்கூறிலிருந்து இன்னொன்று, பரா-கிறெசில் சல்பேற்று. சுகமான சிறுநீரகம் இவற்றைச் சிறுநீரோடு அனுப்பிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. குருதியில் தேங்கிக் குழாய்ச் சுவரைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் மேலும் கெடுக்கும். குருதிப் புரதத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் இரத்தச் சுத்திகரிப்பில்கூட லேசில் போகாது. ரிஎம்ஏஓவும் சிறுநீரகத்தால்தான் வெளியேற வேண்டியது.

எனவே ஒரே பற்றீரியா, ஒரே சாப்பாடு, அண்ணைக்கு ஒரு பலன், எனக்கு வேறு பலன். நாருணவு அண்ணைக்கும் நல்லதுதான், ஆனால் எந்த நார் என்பதை அவரின் குருதியில் பொற்றாசியம் எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பொற்றாசியம் குறைய, கீரையை அவித்துத் தண்ணியை ஊற்றிவிடச் சொன்னார்கள். இளநீரை நிப்பாட்டச் சொன்னார்கள். எனக்குத் தென்னையின் கீழ் நின்று அவரிடம் "வேண்டாம் அண்ணை" என்று சொல்வது சரியான கஷ்டம்.

மாசி 10

மேலே உள்ளதோடு ஒட்டியது. "பிறசருக்கு நல்ல உப்பு" என்று பொற்றாசியம் கலந்த உப்பு பற்றி ஒருவர் இங்கே போட்டிருக்கிறார். சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து நடந்த சோதனை, 2021இல் வந்தது. காற்பங்கு பொற்றாசியம் உப்புக் கலந்ததைப் பாவித்தவர்களில் பாரிசவாதம் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. லொசார்ட்டான், எனலாப்பிரில் போன்ற பிறசர்க் குளிசை எடுப்பவர்களின் உடம்பில் ஏற்கெனவே பொற்றாசியம் கூடியிருக்க இடமுண்டு. எங்கள் மாவட்டங்களில் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்க்காமல் இந்த உப்பை வாங்கி வீட்டில் வைக்கவே வேண்டாம். பொற்றாசியம் அளவுக்கு மீறினால் இதயம் நின்றுபோகும்.

மாசி 16

அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும், அதனால் இதை இப்போது சொல்கிறேன்.

நெல்லை ஆலைக்குக் கொண்டுபோனால் "நல்லா வெள்ளையாத் தீட்டித் தாங்கோ" என்று நாங்களேதான் கேட்கிறோம். நாரில் பெரும்பகுதி தவிட்டோடு போய் மாட்டுக்குத் தீனாகிறது. இந்தமுறை எங்கள் ஆலைக்காரரிடம் ஆட்டக்காரி நெல்லை ஒருதரம் மட்டும் தீட்டச் சொன்னேன். "சோறு கறுக்கும் மாஸ்ரர், வீட்டில பேச்சு வாங்குவீங்கள்" என்றார். வாங்கினேன். இப்போது பழகிவிட்டது.

இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரணமாக வந்தது கோதுமை மா, வெள்ளை அரிசி, சீனி, பருப்பு. உயிர் காத்த சாப்பாடு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீளக் குடியேறின பிறகும் காலையும் இரவும் கோதுமை மா எங்களோடேயே தங்கிவிட்டது. குரக்கன் புட்டும் ஒடியற்கூழும் விசேட நாளுக்கு என்றாகிவிட்டன. குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் அளவில் நார். அவித்த பயறில் ஏழரை அளவில். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொல்வது நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம். காலையில் ஒரு கோப்பை அவித்த கௌபி அல்லது பயறு, மத்தியானம் தீட்டாத அரிசி, ஒரு கீரை, ஒரு பழம். 25ஐத் தொடுவது கஷ்டமில்லை. பழஞ்சோறு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் தொட முடியாது.

ஒரேயடியாகக் கூட்ட வேண்டாம், வயிறு ஊதும். மெல்ல மெல்ல.

மாசி 17

வாய் கொப்பளிக்கும் மருந்து பிறசரை ஏற்றுமோ என்று கேட்ட தம்பிக்கு: ஆம், அது உண்மைதான். கீரையிலும் பீற்றூட்டிலும் உள்ள நைத்திரேற்றை நாக்கிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக்கும், அது உடம்பில் குழாயைத் தளர்த்தும் நைத்திரிக்கொட்சைட்டாகும். 2013இல் இலண்டனில் 19 பேருக்குக் குளோரெக்சிடின் மருந்தால் ஒரு கிழமை கொப்பளிக்கவைத்தபோது பிறசர் 2 முதல் 3.5 வரை ஏறியது. பல்லு டொக்டர் தந்த நாட்களுக்கு மட்டும் பாவியுங்கோ. பிறகு உமிக்கரியோ பற்பசையோ, உங்கள் விருப்பம்.

மாசி 23

மல்லாவித் தம்பி திரும்ப வந்து எழுதியிருக்கிறார். அம்மா குளிசையைத் திரும்பத் தொடங்கிவிட்டாராம், பழஞ்சோறும் விடவில்லையாம், உப்பைக் குறைத்திருக்கிறாராம். இப்போது 138/86. வாசித்தவுடன் மனம் நிறைந்தது. "எதால குறைஞ்சது எண்டு அம்மாவும் நானும் சண்டை" என்கிறார்.

தம்பி, பெரும்பங்கு குளிசை, அடுத்தது உப்பு. நாரின் பங்கு மெதுவாகத்தான் வரும். அம்மா பழஞ்சோற்றுக்குப் பேர் கொடுக்க ஆசைப்பட்டால் கொடுக்கட்டும், குளிசை நிற்காத வரைக்கும் பரவாயில்லை.

வீட்டில் மெசின் வாங்கியிருக்கிறீர்கள் என்றபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணி குடித்த கையோடு பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடம் கதைக்காமல் கதிரையில் சாய்ந்து, கால் இரண்டும் நிலத்தில் ஊன்றி, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து எடுங்கோ. ஒரு நிமிடம் விட்டு இரண்டாந்தரம் எடுத்து இரண்டையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுங்கோ. அடுத்த கிளினிக்கில் கிரியற்றினினும் பொற்றாசியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. வந்த இலக்கத்தை இங்கே போடுங்கோ, கௌபியும் கீரையும் எவ்வளவு கூட்டலாம் என்று அதைப் பார்த்துக் கதைப்பம்.